பதுக்கலா, பதுக்கையா? க்ளோவிஸ் ஈட்டிமுனைக் குவியலைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1987 மே 27. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஈஸ்ட் வெனாட்சி என்ற ஊர். ஆப்பிள் தோட்டமொன்றில் பாசனக் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும் கல் கருவிகள் தட்டுப்பட்டன. ஒன்றிரண்டு அல்ல, கைநிறைய. பிறகு முறைப்படி அகழ்ந்து எண்ணியபோது காடி வெட்டிய ஈட்டிமுனைகள் மட்டும் 14. பெரியது 23 செ.மீ.க்கும் சற்று அதிகம். அடுப்படிக் கத்தியின் அலகு நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். க்ளோவிஸ் எனப்படும் இந்த வகை முனைகளில் உலகத்துக்குத் தெரிந்தவற்றிலேயே பெரியவை அவைதான். கூடவே விலங்கு எலும்பில் செதுக்கிய தடிகளும் கிடந்தன.

காட்டில் தனியாகக் கிடக்கும் ஒரு ஈட்டிமுனை யாரோ தவறவிட்ட பொருள். பதினான்கு முனைகள் ஒரே குழியில் இருந்தால், அங்கே யாரோ ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். 13,000 ஆண்டுகளுக்கு முன் எடுத்த அந்த முடிவை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. அருங்காட்சியகக் கண்ணாடிக்கு முன் நிற்பவர், அகழாய்வு அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர், வீட்டுத் தோட்டத்தில் மண்வெட்டியோடு நிற்பவர் என்று மூன்று பேரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

ஒரு சொல் விளக்கம். இப்படி வேண்டுமென்றே ஒன்றாகப் புதைத்த குவியலைப் 'பதுக்கல்' என்றே எழுதப்போகிறேன். ரேஷன் அரிசியும் வெங்காய மூட்டையும் நினைவுக்கு வந்தால் பரவாயில்லை. ஒளித்து வைத்து அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதன் பக்கத்து வீட்டுச் சொல் 'பதுக்கை'. பாலை வழியில் அம்பு பட்டு விழுந்தவர்கள்மேல் குவித்த கற்குவியலைச் சங்கப் பாடல்கள் அப்படிச் சொல்கின்றன. முதலாவது, திரும்பி வந்து எடுப்பதற்காக வைத்தது. இரண்டாவது, திரும்பி வராதவருக்காக வைத்தது. மண்ணுக்குள்ளிருந்து வரும் ஒவ்வொரு குவியலையும் பார்த்து, நீ பதுக்கலா பதுக்கையா என்று கேட்கத் தெரிந்தால் போதும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்கான தயாரிப்புதான்.

தொடங்கும் முன்: க்ளோவிஸ் முனை என்றால் என்ன

நியூ மெக்சிகோ மாநிலத்தில் க்ளோவிஸ் என்ற ஊருக்கு அருகே பிளாக்வாட்டர் டிரா என்ற இடம் இருக்கிறது. 1930களில் அங்கே எட்கர் ஹோவர்ட் நடத்திய அகழாய்வில் மாமத் யானை எலும்புகளோடு இந்த முனைகள் கிடைத்தன. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. காலம் ஏறத்தாழ 13,050 முதல் 12,750 ஆண்டுகளுக்கு முன். அதாவது முந்நூறு ஆண்டுதான். அதற்குள் வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் பரவிவிட்ட தொழில்நுட்பம் இது. க்ளோவிஸ் மக்கள்தான் அமெரிக்காவின் முதல் மனிதர்கள் என்று ஒரு காலத்தில் அடித்துச் சொன்னார்கள். நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில் 21,000 முதல் 23,000 ஆண்டு பழைய கால்தடங்கள் வெளிவந்தபின் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

முனையை அடையாளம் காண மூன்று விஷயம் போதும். ஒன்று, இரண்டு முகங்களிலும் சில்லு பெயர்த்து இலைபோல வடித்திருப்பார்கள். இரண்டு, அடிப்பாகத்திலிருந்து மேல்நோக்கி ஒரு பள்ளம் ஓடும். நம் ஆசாரிகள் பலகையில் காடி எடுப்பார்களே, அதே போல. முனையை ஈட்டித் தண்டின் பிளவில் பொருத்த அது உதவியது என்பது பொதுவான விளக்கம். மூன்று, அடிப்பாகத்தின் ஓரங்களை வேண்டுமென்றே தேய்த்து மழுக்கியிருப்பார்கள். இல்லையென்றால் கட்டும் நரம்பையே முனை அறுத்துவிடும்.

படி 1: இது பதுக்கல்தானா என்று சந்தேகப்படுங்கள்

நிறைய முனைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தாலே பதுக்கல் ஆகிவிடாது. அரிசோனாவின் நாக்கோ என்ற இடத்தில் 1950களின் தொடக்கத்தில் எமில் ஹோரி அகழ்ந்த மாமத் ஒன்றின் எலும்புகளோடு 8 க்ளோவிஸ் முனைகள் இருந்தன. அவை யாரும் ஒளித்து வைத்தவை அல்ல. அந்த மிருகத்தின் உடம்பில் ஏறியவை. குத்து வாங்கித் தப்பி ஓடி, வேறெங்கோ விழுந்து செத்த மாமத்தாக இருக்கலாம் என்பதும் ஒரு கருத்து.

கல் தட்டிய பட்டறை இடத்திலும் கருவிகள் குவியும். ஆனால் அங்கே பெரும்பாலும் கழிவுச் சில்லுகளும் உடைந்தவையும்தான் கிடைக்கும். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து சேர்த்தாலும் குவியும். அப்போது கூழாங்கற்களும் கலந்திருக்கும், விளிம்புகள் உருண்டிருக்கும்.

பதுக்கலின் குணம் வேறு. நல்ல பொருள், உபயோகத்துக்கு இன்னும் மிச்சம் இருக்கும் பொருள், சின்ன இடத்தில் நெருக்கமாக, சுற்றிலும் கழிவு இல்லாமல் இருக்கும். கொலராடோவின் போல்டர் நகரத்தில் 2008 மே மாதம் ஒரு வீட்டு முற்றத்தில் தோட்ட வேலை நடந்துகொண்டிருந்தது. மண்வெட்டி 'கிளிங்' என்றது. ஒரு செருப்புப் பெட்டி அளவு இடத்தில் 83 கல் கருவிகள். மஹாஃபி பதுக்கல் என்று இன்று சொல்வது அதைத்தான். பெட்டி அளவு என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தோல் பையோ கூடையோ எப்போதோ மக்கிப்போயிருக்கும். ஆனால் அதன் வடிவத்தைக் கற்களின் நெருக்கம் காட்டிக்கொடுக்கும்.

படி 2: இருந்த இருப்பைப் பதிவு செய்யுங்கள்

இந்தப் படியில் தவறினால் பிறகு எந்தப் பரிசோதனைக் கூடமும் காப்பாற்றாது. எது மேலே, எது கீழே, எது எதைத் தொட்டுக்கொண்டிருந்தது, முனைகள் ஒரே திசையைப் பார்த்தனவா, குழியின் விளிம்பு தெரிந்ததா, மண்ணின் நிறம் மாறியதா: இவ்வளவும் வேண்டும். அறிக்கை படிப்பவராக இருந்தால் முதலில் வரைபடத்தைத் தேடுங்கள். கருவிகளின் பளபளப்பான படங்களை அப்புறம் ரசித்துக்கொள்ளலாம்.

இருப்பு தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம். ஃபென் பதுக்கல் என்பது 56 அருமையான கருவிகள். ஏறத்தாழ 1902இல் யூட்டா, வயோமிங், ஐடஹோ மூன்று மாநிலங்களும் சந்திக்கும் பக்கத்தில் கிடைத்ததாகச் சொல்கிறார்கள். அவ்வளவுதான். எந்த மேடு, எந்த ஓடைக்கரை, எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. 1999இல் ஜார்ஜ் ஃபிரிசனும் புரூஸ் பிராட்லியும் அதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார்கள். கருவிகள் எப்படிச் செய்யப்பட்டன என்பதற்கு அது பொக்கிஷம். ஏன் அங்கே வைத்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் கல் வாய் திறக்காது.

இன்னொன்று இதைவிட வலிக்கும். மொன்டானா மாநிலத்தில் வில்சல் என்ற ஊருக்கு அருகே, ஆன்சிக் குடும்பத்தின் நிலத்தில், 1968இல் கட்டுமானத்துக்கு மண் எடுத்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட கல், கொம்புக் கருவிகள் வெளிவந்தன. கூடவே ஒரு குழந்தையின் எலும்புகள். எல்லாவற்றின் மேலும் செங்காவி. ஆய்வாளர்கள் போய்ச் சேர்வதற்குள் பொருள்கள் இடம் பெயர்ந்துவிட்டன. அந்தக் குழந்தையும் கருவிகளும் உண்மையிலேயே ஒன்றாகத்தான் புதைக்கப்பட்டனவா என்ற சண்டை அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு ஓடியது. ஒரு நாள் பொறுத்திருந்து படம் வரைந்திருந்தால் அன்றே தீர்ந்திருக்கும் விஷயம். அந்தச் சண்டை எப்படி முடிந்தது என்பதைப் படி 6இல் பார்க்கலாம்.

படி 3: என்னென்ன இருக்கிறது என்று பிரியுங்கள்

குவியலை நான்கைந்து கூறாகப் பிரிக்க வேண்டும். முடித்த முனைகள். முனையாகப் போகும் வழியில் நிற்கும் அரைகுறைகள். இருமுகம் செதுக்கிய பெரிய தகடுகள். நீளமான அலகுகள். வெறும் சில்லுகள். இவை தவிர எலும்பு, தந்தம், கொம்பு.

எல்லாப் பதுக்கலிலும் எல்லாம் இருக்காது. கொலராடோவின் வடகிழக்கில் 1978இல் கிடைத்த ட்ரேக் பதுக்கலில் 13 முழு முனைகள், ஒரு தட்டுக்கல், கொஞ்சம் தந்தத் துணுக்குகள். கிட்டத்தட்ட எல்லாம் வேட்டைக்குத் தயாரான சரக்கு. பிளாக்வாட்டர் டிராவில் 1962இல் கிடைத்த குவியலில் 17 அலகுகள், ஒரு முனைகூட இல்லை. மஹாஃபியின் 83இலும் ஒரே ஒரு க்ளோவிஸ் முனைகூடக் கிடையாது.

முனை இல்லாமல் அதை எப்படி க்ளோவிஸ் என்கிறார்கள் என்று கேட்டால், நல்ல கேள்வி. சில்லு பெயர்த்த விதம், தகடுகளின் வடிவம், கல்லைத் தேர்ந்தெடுத்த பாங்கு ஆகியவற்றை வைத்துத்தான் சொல்கிறார்கள். அதனால் அறிக்கைகளில் 'க்ளோவிஸ் பதுக்கல்' என்ற பட்டியலைப் பார்க்கும்போது இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: முனை இருப்பதால் உறுதியானவை, தொழில்நுட்பத்தை வைத்துச் சேர்த்தவை. மொத்தமே இரண்டு டஜன் அளவுதான் தேறும், அதற்குள்ளும் இந்த வித்தியாசம் உண்டு.

பிரித்தபின் கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் குவியலை எடுத்துக்கொண்டு போனால் ஒருவர் நாளைக்கு என்ன செய்ய முடியும்? ட்ரேக் சரக்கை எடுத்தால் நாளைக்கே வேட்டைக்குப் போகலாம். மஹாஃபி சரக்கில் இறைச்சி அறுக்கலாம், தோல் சுரண்டலாம், தேவைப்பட்டால் புதுக் கருவி அடிக்கலாம். ஒன்று ஆயுதப் பை, மற்றது பட்டறைப் பை.

படி 4: கல்லின் ஊரைக் கண்டுபிடியுங்கள்

க்ளோவிஸ் மக்கள் கல் விஷயத்தில் பட்டுப்புடவை எடுப்பவர்களைப் போல. கிடைத்ததை வாங்க மாட்டார்கள். ட்ரேக் முனைகளில் பெரும்பாலானவை அலிபேட்ஸ் கல்லால் ஆனவை. சிவப்பும் வெள்ளையும் ஊதாவும் வரிவரியாக ஓடும் அந்தக் கல் டெக்சாஸின் வடக்கு மூலையில், கனேடியன் ஆற்றங்கரையில்தான் கிடைக்கும். பதுக்கல் இருந்த இடத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல். குதிரை சவாரியோ வண்டியோ இல்லாத காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எரிமலைக் கண்ணாடியாக இருந்தால் வேலை சுலபம். ஒவ்வொரு எரிமலைக் குழம்புக்கும் தனி வேதியியல் முகவரி உண்டு. எக்ஸ்ரே ஒளிர்வு முறையில் கல்லைக் கீறாமலே அதைப் படித்துவிடலாம். சிக்கிமுக்கி வகைக் கற்களில் அந்த வசதி குறைவு. அனுபவசாலியின் கண்தான் முதல் கருவி. புற ஊதா விளக்கு கொஞ்சம் கைகொடுக்கும். டெக்சாஸின் எட்வர்ட்ஸ் கல் அந்த வெளிச்சத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒளிரும். இருந்தாலும் 'கண்ணால் பார்த்து அடையாளம் கண்டோம்' என்று அறிக்கையில் வந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள். தொலைதூரக் கல் என்று சொன்னது பிறகு உள்ளூர்க் கல்லாக மாறிய கதைகளும் உண்டு.

ஒரே ஊர்க் கல்லா, பல ஊர்க் கல்லா என்பதும் முக்கியம். ஃபென் குவியலில் எரிமலைக் கண்ணாடி, படிகக் கல், சிவப்பு ஜாஸ்பர், க்ரீன் ரிவர் ஆற்றுப் படுகைக் கல் என்று பல நிலங்கள் ஒரே பையில் சேர்ந்திருக்கின்றன. அது ஒரே பயணத்தின் சேகரமா, பலர் கொண்டுவந்து போட்டதா என்பது திறந்த கேள்வி.

படி 5: செய்நேர்த்தியைப் படியுங்கள்

எனக்குப் பிடித்த படி இது. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

கல் கருவி செய்வது கழிக்கிற வேலை. மண்பாண்டம்போல ஒட்டிச் சரிசெய்ய முடியாது. தவறான ஒரு தட்டு, முடிந்தது. முதலில் உருண்டைக் கல்லால் தட்டிப் பெரிய சில்லுகளைப் பெயர்ப்பார்கள். அப்புறம் மான்கொம்புத் தடியால் மென்மையாக அடித்துத் தகட்டை மெலிதாக்குவார்கள். ஒவ்வொரு தட்டுக்கு முன்பும் அடிக்கப்போகும் விளிம்பைத் தேய்த்துப் பலப்படுத்த வேண்டும், இல்லையென்றால் விளிம்பு நொறுங்கும். அழகான இலை வடிவம் பெரும்பாலும் வந்தபின், அடிப்பாகத்தில் ஒரு அடி கொடுத்துக் காடி எடுக்க வேண்டும். அந்த அடியில்தான் பலதும் இரண்டாக உடைந்திருக்கின்றன. பழைய பாட்டிலின் அடிப்பாகத்தை வைத்து நானும் ஒருமுறை முயன்று பார்த்தேன். முனை வரவில்லை, கட்டைவிரலில் பிளாஸ்டர்தான் வந்தது. நீங்கள் முயன்றால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தோல் கையுறையும் கட்டாயம், வீட்டுக்குள் வேண்டாம்.

பதுக்கல்கள் இங்கேதான் பெரிய உதவி செய்கின்றன. வேட்டை இடத்தில் கிடைக்கும் முனை வாழ்ந்து முடித்தது. மழுங்க மழுங்கத் தீட்டிச் சிறுத்துப்போயிருக்கும். பதுக்கலில் இருப்பவை நடுவழியில் நின்றவை. ஐடஹோ மாநிலத்தில் ஃபேர்ஃபீல்டு அருகே 1961இல் மண் சமன் செய்யும் இயந்திரத்தில் அகப்பட்ட சைமன் பதுக்கலில் பெரிய தகடு, அதைவிட மெலிந்தது, அதைவிட ஒடுங்கியது, கடைசியில் முடித்த முனை என்று ஒரு வரிசையே அடுக்க முடிகிறது. ஒரு கைவினைஞரின் பட்டறையை நடுவேலையில் எட்டிப்பார்ப்பது போல. இயந்திரத்தில் சில உடைந்துபோயின, அது வேறு வருத்தம். இன்று அவை ட்வின் ஃபால்ஸ் நகரத்தின் ஹெரெட் மையத்தில் இருக்கின்றன.

தகடுகளின் முகத்தில் ஒரு விசேஷத் தழும்பைத் தேடுங்கள். ஒரு விளிம்பில் கொடுத்த அடி முகம் முழுவதும் ஓடி எதிர் விளிம்பையும் கொஞ்சம் கடித்துக்கொண்டு போயிருக்கும். பலருக்கு இது கைதவறிய பிழை. க்ளோவிஸ் கைவினைஞர்கள் இதைத் தெரிந்தே செய்தார்கள் என்று ஒரு தரப்பு சொல்கிறது. மெட்டின் எரென், டேவிட் மெல்ட்சர் போன்ற தொல்லியலாளர்கள் இது தற்செயல்தான் என்று 2013இல் வாதிட்டார்கள். இந்த நுணுக்கத்துக்கு இத்தனை சூடு ஏன் என்றால், பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. பிரான்ஸின் வோல்கு என்ற இடத்தில் 1874இல் கால்வாய் வெட்டும்போது சொலூட்ரியன் என்ற ஐரோப்பியப் பழங்கற்காலப் பண்பாட்டின் கல் இலைகள் ஒரு பதுக்கலாகக் கிடைத்தன. நீளமானது ஏறத்தாழ 35 செ.மீ., கனம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. செய்முறை ஒற்றுமையைக் காட்டி, ஐரோப்பியர்கள் பனிக்கடல் ஓரமாக அமெரிக்காவுக்கு வந்தார்கள், க்ளோவிஸ் அவர்களுடைய வாரிசு என்று சிலர் கிளப்பினார்கள். நடுவில் ஐயாயிரம் ஆண்டு இடைவெளி, ஒரு பெருங்கடல். என் கணக்கில் அது தேறாது. அடுத்த படியில் வரும் மரபணு விவரத்தையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தேறாது.

கையில் உருப்பெருக்கி இருந்தால் முகத்தின் மேடுகளையும் பாருங்கள். முனைகள் பைக்குள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே பல நாள் பயணித்திருந்தால் அந்த மேடுகள் மழுங்கிப் பளபளத்திருக்கும். கல் சுரங்கத்திலிருந்து நேராக வந்ததா, தோளில் தொங்கி நாடு சுற்றியதா என்பதற்கு இது சாட்சி.

படி 6: காவி, கறை, காலம்

செங்காவி ஆன்சிக், சைமன், ஃபென் பதுக்கல்களில் இருக்கிறது. மஞ்சள் தடவியிருந்தால் உடனே கல்யாணம் என்று முடிவு கட்டமாட்டோம் அல்லவா? வாசல்படி, புதுப் பாத்திரம், காயம் எல்லாவற்றுக்கும் மஞ்சள் உண்டு. செங்காவியும் அப்படித்தான். சடங்குக்கும் பூசியிருக்கலாம், தோல் பதனிடவும் பிசினோடு கலந்து முனையை ஒட்டவும் பயன்பட்டிருக்கலாம். காவி மட்டும் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு எழுதாதீர்கள்.

கறைகளில் புரதம் தேடுவது இன்னொரு வழி. மஹாஃபி கருவிகளில் ஒட்டகம், குதிரை, கரடி, செம்மறி வகைப் புரதங்கள் தெரிந்ததாக 2009இல் அறிவித்தார்கள். அமெரிக்காவில் ஒட்டகமா என்று தோன்றும். பனியுகம் முடியும்வரை அங்கே காட்டு ஒட்டகமும் குதிரையும் இருந்தன, பிறகு அழிந்தன. ஆனால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டு மண்ணில் கிடந்த கல்லில் புரதம் எவ்வளவு நம்பகமாகத் தங்கும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. இதைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

காலம் கணிப்பதில் அடிப்படைச் சிக்கல், கல்லுக்கு வயது கேட்டால் அது பாறை உருவான வயதைத்தான் சொல்லும். கூடக் கிடந்த உயிர்ப்பொருள் வேண்டும். அல்லது ஈஸ்ட் வெனாட்சியைப் போல அதிர்ஷ்டம் வேண்டும். அங்கே கருவிகளின் அடிப்பக்கத்தில் படிந்த மண்ணில் கிளேசியர் பீக் எரிமலையின் சாம்பல் இருந்தது. அந்த எரிமலை வெடித்தது ஏறத்தாழ 13,500 ஆண்டுகளுக்கு முன். சாம்பல் விழுந்தபின் அதன்மேல் வைத்தார்கள், அதனால் பதுக்கல் அதற்குப் பிந்தியது.

ஆன்சிக்கில் எலும்பும் கொம்பும் இருந்தன, ஆனால் பழைய கணிப்புகளில் மான்கொம்புத் தடிகள் குழந்தையைவிட மூத்தவையாகத் தெரிந்தன. அப்படியானால் இரண்டும் வேறு வேறு நிகழ்வா? பரம்பரைப் பொருளைப் பிள்ளையோடு வைத்தார்களா? 2018இல் எலும்புப் புரதத்தின் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கணித்தார்கள். மண்ணிலிருந்து ஏறிய அழுக்கு இப்படிச் செய்தால் விலகிவிடும். குழந்தைக்கு ஏறத்தாழ 12,900 முதல் 12,700 ஆண்டு என்று வந்தது. தடிகளும் அதே காலம். சண்டை அங்கே முடிந்தது.

அந்தக் குழந்தை ஒன்றரை, இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளை. 2014இல் வெளியான மரபணுத் தொகுப்பு, இன்றைய அமெரிக்கப் பூர்வகுடிகள் பலருக்கும் அவனுடைய இனத்தாரே முன்னோர், வேர் சைபீரியப் பக்கம் என்று காட்டியது. அட்லாண்டிக் கதைக்கு அங்கே இடமில்லை. 2024இல் வந்த இன்னொரு ஆய்வு, அவன் எலும்பிலிருந்த ஐசோடோப்புகளை வைத்துப் பால் கொடுத்த தாயின் உணவைக் கணக்கிட்டது. அதில் சுமார் 40 சதவீதம் மாமத் இறைச்சி.

படி 7: இப்போது கேளுங்கள், ஏன் புதைத்தார்கள்

ஆன்சிக் பதுக்கை. அதில் இனி சந்தேகம் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை, அதிலும் இன்னும் பல ஆண்டு உழைக்கக்கூடிய தகடுகளை, கருவியே பிடிக்கத் தெரியாத வயதுப் பிள்ளையோடு வைத்திருக்கிறார்கள். தரமான கல்லுக்காக நாள்கணக்கில் நடப்பவர்கள் அவர்கள் என்பதைப் படி 4இலிருந்து இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள்.

மஹாஃபி எனக்குப் பதுக்கலாகவே படுகிறது. உபயோகித்த சில்லுகள், இன்னும் உபயோகிக்கப்போகும் தகடுகள், அலங்காரமில்லை. நல்ல கல் இல்லாத பக்கம் மறுபடி வரும்போது இருக்கட்டும் என்று வைத்தது. விதைநெல்லைக் கோட்டை கட்டி வைப்பது போல.

ஈஸ்ட் வெனாட்சிதான் தலையைச் சொறிய வைக்கிறது. 23 செ.மீ. முனையை ஈட்டியில் மாட்டி எறிந்தால் முதல் எலும்பிலேயே முறியும். வேட்டை இடங்களில் கிடைக்கும் முனைகள் பெரும்பாலும் விரல் நீளம்தான். சிலர் இவை பெரிய கத்திகள் என்கிறார்கள். சிலர் தேயத் தேயப் பல ஆண்டு வரட்டும் என்று பெரிதாகச் செய்தது என்கிறார்கள். காட்டுவதற்கென்றே செய்தது என்பவர்களும் உண்டு. அங்கே எலும்பு எதுவும் மனித எலும்பாகக் கிடைக்கவில்லை. நான் மூன்றாவது கட்சி, ஆனால் பந்தயம் கட்டமாட்டேன்.

வரைபடத்தையும் விரித்துப் பாருங்கள். க்ளோவிஸ் முனைகள் அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் ஏராளம். பதுக்கல்களோ மேற்குச் சமவெளி, ராக்கி மலை, வடமேற்கு ஆகிய பக்கங்களில்தான். கிழக்கே மிக அரிது. புது நிலத்துக்குள் போகிறவர்களுக்கு அடுத்த நல்ல கல் எங்கே கிடைக்கும் என்று தெரியாது, அதனால் வழியில் வைத்துக்கொண்டே போனார்கள் என்பது மெல்ட்சர் தரப்பின் விளக்கம். நிலம் பழகியபின் பதுக்கும் தேவையும் குறைந்திருக்கும். க்ளோவிஸுக்குப் பிந்தியவர்கள் இந்த அளவுக்குப் பதுக்காததற்கும் அது பொருந்துகிறது.

இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. வைத்தவர் திரும்பி வந்து எடுத்துக்கொண்ட பதுக்கல் நமக்குக் கிடைக்காது. வெற்றுக் குழி மூடிப்போயிருக்கும். நம் கையில் இருப்பவை எல்லாம் யாரும் எடுக்க வராதவை. ஆகவே பதுக்கையும் நாதியற்றுப்போன பதுக்கலும் மட்டும்தான் நம் பட்டியலில் சேரும். நூறு பதுக்கலில் தொண்ணூற்றைந்தை அவர்கள் ஒழுங்காக எடுத்துக்கொண்டு போயிருந்தாலும் நமக்குத் தெரிய வழியில்லை. 'இவ்வளவு சடங்கு செய்தார்கள்' என்று சதவீதம் போட்டு எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

படி 8: விற்பனைக்கு வந்தால்

சுருக்கமாகச் சொல்கிறேன்: வாங்காதீர்கள். இன்று க்ளோவிஸ் முனையை அச்சு அசலாகச் செய்யக்கூடிய கைகள் நிறைய உள்ளன. அனுபவமுள்ள சேகரிப்பாளர்களே ஏமாந்திருக்கிறார்கள். அசலாக இருந்தால் இன்னும் மோசம். படி 2இல் சொன்ன எல்லாவற்றையும் யாரோ அழித்துவிட்டுத்தான் அது சந்தைக்கு வந்திருக்கும்.

படி 9: உங்கள் மண்வெட்டியிலேயே தட்டுப்பட்டால்

தோண்டுவதை நிறுத்துங்கள். வெளியே வந்ததை வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள், உள்ளே இருப்பதை இழுக்காதீர்கள். கழுவவே கூடாது. ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் காவியும் கறையும் குழாயோடு போய்விடும். ஒரு நாணயத்தையோ ஸ்கேலையோ பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். முதலில் தூரத்திலிருந்து, அப்புறம் நெருக்கத்தில். கைப்பேசியில் இடக்குறியீட்டைச் சேமியுங்கள். மேலே தார்ப்பாய் போடுங்கள். சமூக ஊடகத்தில் போடும் ஆசையை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் இரவில் வேறு மண்வெட்டிகள் வரும்.

அமெரிக்காவில் வசிப்பவரானால், மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம் அல்லது பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் துறைக்குச் சொல்லுங்கள். மஹாஃபி விஷயத்தில் நடந்தது அதுதான். பல்கலைக்கழகத்துக்குச் சொன்னார்கள், பேராசிரியர் டக்ளஸ் பேம்ஃபோர்த் முற்றத்துக்கே வந்து பார்த்தார். தனியார் நிலத்தில் கிடைப்பது பொதுவாக நில உரிமையாளருடையது. அமெரிக்க மத்திய அரசு நிலத்தில் அனுமதியின்றித் தோண்டினால் 1979ஆம் ஆண்டுத் தொல்வளப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம்.

நம் ஊரில் காடி முனை கிடைக்காது, கற்கோடரியும் நுண்கற்கருவியும் கிடைக்கும். 2006இல் மயிலாடுதுறை அருகே செம்பியன் கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் தோட்டத்தில் குழி தோண்டும்போது கிடைத்த கற்கோடரி, அவர் அதை உரியவர்களிடம் சேர்த்ததால்தான் அதன் மேலிருந்த குறிகளோடு செய்தியானது. இந்தியப் புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டைச் சேர்ந்தது, இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ தொடங்கலாம்.

எலும்பு தெரிந்தால் கதை வேறு. அது மனித எலும்பா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், போலீஸுக்குச் சொல்லுங்கள். பழையது என்று தெரிந்தால் அவர்களே ஆய்வாளர்களை அழைப்பார்கள். அமெரிக்காவில் அதற்குப் பிறகு பூர்வகுடி மக்களின் குரலும் சேரும். ஈஸ்ட் வெனாட்சியில் மனித எலும்பு கிடைக்காதபோதே கால்வில் கூட்டமைப்புப் பழங்குடிகள் அகழாய்வை எதிர்த்தார்கள். 1990க்குப் பிறகு தோட்டத்தை மூடி, 15 ஆண்டு தோண்டுவதில்லை என்று ஏற்பாடானது.

ஆன்சிக் குழந்தை கிடைத்தபோது அந்த நிலத்தின் உரிமையாளருக்கு இரண்டு வயதில் ஒரு மகள் இருந்தாள். வளர்ந்து மரபணு ஆய்வாளரானார். 2014 மரபணு ஆய்வில் அவரும் ஒருவர். அதே ஆண்டு ஜூன் மாதம், க்ரோ உள்ளிட்ட பல பழங்குடிகளின் பிரதிநிதிகள் கூடி, அந்தக் குழந்தையைக் கிடைத்த இடத்துக்கு அருகிலேயே மறுபடி அடக்கம் செய்தார்கள். அவனோடு வைத்த கருவிகள் குழிக்குத் திரும்பவில்லை.